கையால் ஓட்டும் வண்டி

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஜின்சி என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து தன் காரை இங்கே கொண்டுவர ஆசைப்படுகிறாராம்.

"சார், பழைய காலத்துல கார் கிளியரன்ஸ் எல்லாம் நீங்கதான் பார்த்தீங்கன்னு சொன்னாங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் பறஞ்சு தருவீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போது விதிகள் வேறு என்றும், பழைய வண்டிகளுக்குக் கொச்சித் துறைமுகமே அடைபட்டுப் போய் பம்பாய் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டது என்றும், சரிபார்த்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் அன்று முழுவதும் என் மனதில் விதிகள் ஓடவில்லை. சேகரும் அவன் தங்கை வசந்தாவும்தான் ஓடினார்கள். அதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் வீட்டில் பேசக் கற்றதுதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த என் மனைவி எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்திருக்கிறாள்.

எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவுப் பிரிவில் இருந்தார். நான் பத்தாவது முடித்ததும் பஜார் ரோட்டில் இருந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கடைநிலை ஆளாகச் சேர்ந்தேன். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் காட்டி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். முதல் சில வருடங்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரி ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து போட் ஏறி வில்லிங்டன் தீவுக்குப் போவதும், சுங்க அலுவலக வராந்தாவில் காத்திருப்பதும், திரும்பி வருவதுமாகவே போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் முதலாளி லீலாம்மா சேச்சி. கணவர் ஆரம்பித்த கம்பெனி. அவர் மாரடைப்பில் போனதும், இனி மூடிவிடுவார்கள் என்று பஜாரே பேசிக்கொண்டிருந்தபோது, சேச்சி ஒரு திங்கட்கிழமை காலை வெள்ளைக் கைத்தறிப் புடவையில் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லாரும் அவரவர் மேஜைக்குப் போய்விடுவோம். மலையாளிதான், ஆனால் என்னோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார். அந்தத் தமிழ் எனக்கு மட்டுமே புரியும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவர்கள் கார் கொண்டுவருவது ஒரு மோகமாக இருந்தது. வெளிநாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு, அங்கேயே ஒரு வருடமாவது சொந்தமாக வைத்திருந்த வண்டியை, நிரந்தரமாக ஊர் திரும்பும்போது உடன் கொண்டுவரலாம். கொண்டுவந்தவர் திரும்பவும் உடனே வேலைக்கு வெளிநாடு போய்விடக் கூடாது, சில காலத்துக்கு வண்டியை விற்கவும் கூடாது. வரி கண்ணைக் கட்டும். அதையும் வெளிநாட்டுப் பணமாகவே கட்ட வேண்டும். இத்தனையும் சொல்லித் தடுத்துப் பார்ப்பார் சேச்சி. "மணி, இவங்க காரைக் கொண்டுவரல. பந்துக்கள் முன்னாடி இறங்கிக் கதவைச் சாத்தற சத்தத்தைக் கொண்டுவராங்க" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். ஆனால் ஒருவர் தீர்மானித்துவிட்டால், அதற்குப் பிறகு மனம் ஒன்றிச் செய்வார். எந்தக் காகிதத்திலும் கை கூசாமல் பொய் எழுதுகிற வழக்கம் எங்கள் தொழிலில் சிலரிடம் உண்டு. சேச்சி கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் கட்சிக்காரருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவார். "இது சரிதானே? சரியில்லேன்னா இப்பவே சொல்லணும், கேட்டோ" என்பார்.

கார் வேலைகளை மெல்ல மெல்ல என்னிடம் ஒப்படைத்தார். அப்படி நான் பார்த்த வண்டிகளில் ஒன்றுதான் சேகருடையது.

சேகர் எங்கள் தெருக்காரன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். அவர்களும் எங்களைப் போலவே பழைய தமிழ்க் குடும்பம். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தான். தங்கை வசந்தாவுக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. இரும்புப் பட்டை கட்டிய பூட்ஸும் இரண்டு ஊன்றுகோல்களுமாக நடப்பாள். அவளுடைய அப்பா இருந்தவரை காலையில் அவளைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்துப் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகு அவள் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். வங்கித் தேர்வு எழுதினாள். எர்ணாகுளத்தில் ஒரு கிளையில் வேலை கிடைத்தது.

கிடைத்ததும்தான் கஷ்டம் தெரிந்தது. எங்கள் ஊர் தனியார் பஸ்ஸைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும் முன்னே நகரும். போட்டில் போகலாமென்றால் படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஊன்றுகோலை எங்கே ஊன்றுவது? தினமும் ஆட்டோ வைத்தால் சம்பளம் அதிலேயே போய்விடும். எர்ணாகுளத்தில் தனியாக அறை எடுத்துத் தங்க அம்மா சம்மதிக்கவில்லை. வங்கியில் சேருவதற்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சேகர் ஷார்ஜாவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தான். அவனிடம் ஒரு ஜப்பான் கார் இருந்தது. கியர் மாற்ற வேண்டாத வண்டி. ஊருக்குத் திரும்பிப் போன கால் ஊனமுற்ற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்கிறான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை முன்னே தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் ஆக்சிலரேட்டர். கால் வேண்டாம். அந்த வண்டி ரிப்பேருக்கு வந்த அன்றே தங்கைக்கு என்று மனதில் முடிவு செய்துவிட்டானாம். அவளால் தனியாக ஓட்ட முடியுமா என்று தெரிந்துகொள்ள, தன் கால்களை ஒன்றாகக் கட்டிக்கொண்டு வெறும் கைகளால் ஓட்டிப் பழகியிருக்கிறான்.

"அதை மட்டும் கப்பல்ல ஏத்தி விடட்டுமா, மணியண்ணா?" என்று கேட்டான்.

நான் போனைச் சேச்சியிடம் கொடுத்தேன். சேச்சி முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மோனே, வண்டி மட்டும் தனியா வராது. வண்டியோட நீயும் வரணும். வேலையை விட்டுட்டு, விசா கேன்சல் பண்ணிட்டு. வேற ஒரு வழி இருக்கு. ஊனமுள்ளவங்களுக்குன்னு டில்லியில தனி அனுமதி கேக்கலாம். கிட்டினா நல்லது. எப்போ கிட்டும்னு என்னால சொல்ல முடியாது."

"அதுக்குள்ள அவ வேலை போயிடும் சேச்சி."

"அது சரிதான்."



"அப்போ நான் வரேன்" என்றான்.

சேச்சி போனை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "டில்லிக்கும் ஒரு அப்ளிகேஷன் எழுதி வை. ஒருவேளை அவன் மனசு மாறினா" என்றார். அவன் மனசு மாறவில்லை. அடுத்த மாதமே வந்துவிட்டான். வண்டி அவனுக்குப் பின்னால் கண்டெய்னரில் வந்தது.

கண்டெய்னர் திறக்கிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வில்லிங்டன் தீவில் கான்கிரீட் முற்றம், பகல் வெயில். முதலில் சீல் நம்பரைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு கட்டரால் அதை வெட்டுவார்கள். கதவைத் திறந்தால் உள்ளே அடைபட்டிருந்த ரப்பர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சூடாக முகத்தில் அடிக்கும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். அதைப் பெயர்த்து, கயிறுகளை அவிழ்த்து, நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். பேட்டரி எப்போதும் செத்திருக்கும். வெளியே வந்த பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சின் நம்பர் மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்போம், எண்கள் வெள்ளையாக எழும்பும். அதே போலச் சேஸிஸ் நம்பர். இரண்டும் பத்திரத்தில் இருப்பதோடு ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மதிப்பீட்டு அதிகாரி வருவார். அப்ரைசர் என்போம்.

அன்றைக்கு வந்தவர் ராகவன் என்பவர். தஞ்சாவூர்ப் பக்கம். கொச்சிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடுமையானவர் என்று பேர். சிரிக்க மாட்டார், சாயா வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். சீட்டுக்கு அடியில், கதவுப் பலகைக்குள், ஸ்டெப்னிக்குள் எல்லாம் தட்டிப் பார்ப்பார். தங்கம் கடத்துகிறவர்கள் வண்டியில் என்னென்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கைப்பிடியைப் பார்த்ததும் நின்றார். அதிலிருந்து கீழே இறங்கிய இரண்டு இரும்புக் குழல்களை விரல் நகத்தால் சுண்டினார்.

"இது கம்பெனி ஃபிட்டிங் இல்லையே. என்ன இது?"

சேகர் விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை சுண்டினார். "உள்ள ஹாலோவா இருக்கு. இதை வெட்டிப் பார்க்கணும்."

வெட்டினால் வண்டி வந்தும் வராதது போலத்தான். அப்படி ஒரு குழலை இந்த ஊரில் யாரும் பார்த்ததுகூட இல்லை. சேச்சி குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அவர் கை கண்ணாடிக்குப் போனது. அதற்குள் சேகர், "சார், வெட்ட வேண்டாம். நானே கழற்றிக் காட்டறேன். திருப்பி மாட்டவும் எனக்குத் தெரியும்" என்றான்.

ராகவன் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

சேகர் ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்தான். வண்டிக்குள் மல்லாந்து படுத்துக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு நட்டாக, வாஷராக, பின்னாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே பேப்பரில் வைத்தான். கடைசியில் இரண்டு குழல்களையும் உருவி எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து அதிகாரியிடம் நீட்டினான். அவர் வாங்கி வெயிலுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபக்கம் வெறும் வானம்தான் தெரிந்திருக்கும்.

"மாட்டு" என்றார்.

சேகர் மாட்டினான். அவனுடைய சட்டை முழுவதும் நனைந்திருந்தது. அதிகாரி அங்கிருந்து நகராமல் பார்த்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் கேட்டார்: "உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு. இது யாருக்கு?"

நான் சேச்சியைப் பார்த்தேன். சொந்த உபயோகத்துக்கு என்றுதான் வண்டி வருகிறது. வேறு ஒருவருக்கு என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். 'எனக்குத்தான்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சேச்சி அவனுக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை.

"தங்கச்சிக்கு சார்" என்றான். "வண்டி என் பேர்லதான் இருக்கும். நானும் வீட்லதான் இருப்பேன். ஓட்டப் போறது அவ."

"எங்க அவங்க?"

"கேட்டுக்கு வெளியில. ஆட்டோல."

ராகவன் என்னிடம், "உள்ள வர பாஸ் எழுதச் சொல்றேன். கூட்டிட்டு வாங்க" என்றார்.

வசந்தா அந்தக் கான்கிரீட்டில் நடந்து வந்ததை நான் மறக்கவில்லை. ஊன்றுகோலின் ரப்பர் முனை வெயிலில் இளகி ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிக்கொண்டது. யாரும் உதவப் போகவில்லை, போனால் அவளுக்குப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தோன்றியது போலிருந்தது. வண்டியை அவள் அப்போதுதான் முதலில் பார்க்கிறாள். இடது பக்க ஸ்டியரிங். உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். சேகர் குனிந்து, "இதைத் தள்ளு. பிரேக்" என்றான். தள்ளினாள். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை, பேட்டரி இல்லையே. ஆனால் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிப் பார்த்த ஆட்கள், "பிடிச்சு, பிடிச்சு" என்றார்கள். வண்டி அசையவில்லை.

ராகவன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த பேங்க்ம்மா?"

அவள் சொன்னாள்.

அவர் பேனாவை எடுத்து, 'குடும்ப உபயோகம், கைக்கட்டுப்பாட்டுக் கருவி பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் போகும்போது சேச்சியைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். அந்த மனிதர் அப்படிச் செய்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அதன் பிறகு லைசென்ஸ் வாங்கத்தான் அலைச்சல். கால் இல்லாதவருக்குக் கார் லைசென்ஸா என்று கேட்டவர்கள் உண்டு. டாக்டர் சர்ட்டிஃபிகேட், இன்னொரு டாக்டர் சர்ட்டிஃபிகேட். கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "போதும், போதும்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அவள் வங்கியில் சேர்ந்தாள். தோப்பும்படிப் பாலம் வழியாகத் தினமும் எர்ணாகுளத்துக்குத் தானே ஓட்டிப் போனாள். எங்கள் தெரு குறுகல், வண்டி உள்ளே வராது. ஒரு பழைய சுக்குக் குடோனின் முற்றத்தில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார்கள். மாலையில் அந்தக் குடோனிலிருந்து வீடு வரை ஊன்றுகோல்களோடு நடந்து வருவாள். முகத்தில் களைப்பு இருக்கும், ஆனால் அப்பா தூக்கிவந்த காலத்தில் இருந்த அந்தக் கூச்சம் போயிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் சந்தோஷமான கதையாக எழுதியிருப்பேன்.

சேகருக்கு வைட்டிலாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. ஷார்ஜா சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விதிப்படி அவன் இங்கே இருக்க வேண்டிய காலம் முடிந்தபோது, அங்கே அவனுடைய இடத்தில் வேறு ஆள் வந்திருந்தான். அவனோடு வளைகுடா போனவர்கள் வீட்டுக்கு மேல் மாடி கட்டினார்கள். அவன் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது. வண்டிக்கு உதிரிபாகம் இந்த ஊரில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடோன் முற்றத்தில் அந்த வண்டிக்கு அடியில்தான் கிடப்பான். கைப்பிடியின் பின் தேய்ந்தால் லேத்தில் கடைந்து புதிதாகச் செய்வான். அவன் இல்லையென்றால் அந்த வண்டி ஒரு மாதம் ஓடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் சில ஞாயிறுகளில் அங்கே போய் உட்காருவேன். அடியில் கிடந்தபடியே சீட்டியடிப்பான். வசந்தா சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னபோது அழுத்துவாள், சொன்னபோது விடுவாள். இருவரும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் தெருவில் பேச்சு வேறு. "தங்கச்சிக்கு வேண்டி சேகர் லைஃபைத் தொலைச்சான்" என்றார்கள். அவர்கள் அம்மாவே வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வளைகுடாவுக்குப் போய்த் திரும்பிவந்து இங்கே கூலிக்கு நிற்பவனைத் தோற்றவன் என்று நினைத்த காலம் அது. அந்தப் பேச்சு வசந்தாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா?

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தானே ஓட்டி வந்து, பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, படியேறினாள்.

"மணியண்ணா, வண்டியை விக்கணும். என்னென்ன பேப்பர் வேணும்?"

நான் திகைத்துப் போனேன். "நீ எப்படி வேலைக்குப் போவே?"

"மட்டாஞ்சேரி கிளைக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். புரமோஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா சுலபமாக் கொடுக்கறாங்க." சிரித்தாள். "இந்த வண்டி இருக்கற வரைக்கும் அண்ணா இங்கேயிருந்து நகர மாட்டான். அதுக்கு அவன்தான் மெக்கானிக். வண்டி போனா அவனும் போவான். அவனுக்கும் ஒரு வாழ்க்கை வேணுமில்லே?"

"சேகர்கிட்ட சொன்னியா?"

"ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சுத் தோள் வலிக்குது, டாக்டர் ஓட்டக் கூடாதுங்கறார்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லணும். வேற ஒண்ணும் அவன்கிட்ட பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சேச்சி தன் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு உடம்பு தளர்ந்திருந்தது. "வசந்தா, முதல்ல உன் அண்ணன்கிட்ட உட்கார்ந்து பேசு. பேசிட்டு வா" என்றார்.

"பேசினா அவன் விட மாட்டான் சேச்சி."

சேச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் மீது கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. "உன் தீர்மானம்" என்று மட்டும் சொன்னார். நான் சத்தியம் பண்ணினேன்.

வண்டி சேகர் பெயரில்தான் இருந்தது, அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். தோள் வலி என்றதும் மறு பேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தான். கோழிக்கோட்டிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பழைய ஜப்பான் வண்டிகளை வாங்கிப் பிரித்து உதிரிபாகமாக விற்பவர். கைப்பிடி எல்லாம் தனக்கு வேண்டாம் என்றார். சேகரே அதைக் கழற்றினான். சுங்கத்தில் கழற்றியபோது இருந்த அதே நிதானம், ஆனால் இந்தத் தடவை பேப்பர் விரிக்கவில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு, "இதையும் கொண்டுபோங்க" என்று வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டான்.  

மழை ஓய்வதற்குள் அவனுக்கு விசா வந்தது. இந்தத் தடவை நகரத்தில் இல்லை. எங்கோ பாலைவனத்தில் கல் உடைக்கும் இடத்தில் லாரிகளுக்கு மெக்கானிக். வசந்தா என்னிடம், "பாத்தீங்களா, போயிட்டான்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். தான் செய்தது சரி என்று அவளுக்கு நிம்மதி.

அவன் பணம் அனுப்பினான். வீட்டுக்கு மாடி வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். அம்மாவோடு உட்கார்ந்து பேசுவான். தங்கையிடம், "சுகம்தானே? தோள் எப்படி இருக்கு?" என்று கேட்பான். அவள், "வலி குறையலை" என்பாள். அவ்வளவுதான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை குடோன் முற்றத்தில் அத்தனை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. சேச்சி இறந்தார். கார் வேலையும் எங்கள் துறைமுகத்திலிருந்து போயிற்று. நான் மிளகு, முந்திரி, கயிறு என்று மற்ற சரக்குகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு அவர்கள் அம்மா இறந்தார். சேகர் வந்தான். தலை முழுக்க நரைத்து, தோல் கறுத்து, காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன மறுநாள் காலை நான் அங்கே போயிருந்தேன். முன்னறையில் நானும் அவனும் மட்டும். வசந்தா உள்ளே இருந்தாள்.

எதையோ பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னான்: "மணியண்ணா, அவளுக்கு அந்த வண்டி ஒத்துக்கலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம். நான் கொண்டுவந்தது தப்பாப் போச்சு. அவ தோளைக் கெடுத்துட்டேன்."

 சத்தியம் பண்ணியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. வசந்தா வாசற்படியில் வந்து நின்றாள்.

"என் தோளுக்கு ஒண்ணும் இல்லே அண்ணா. எப்பவும் இருந்ததில்லே. உன்னைத் திரும்ப அனுப்பத்தான் வித்தேன். நான் உன்னைக் கட்டிப் போட்டு வச்சிருக்கேன்னு ஊரே சொல்லிச்சு. அம்மா சொன்னா."

அவன் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.  பிறகு சாதாரணக் குரலில் கேட்டான்:

"நான் போகணும்னு உங்கிட்ட யார் சொன்னது?"

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்த ஊர் பிடிச்சதே இல்லே. முதல் தடவையும் பிடிக்கல. வீட்டு நிலைமைக்காகப் போனேன். திரும்பி வரதுக்கு ஒரு காரணம் கிடைச்சுதுன்னு வந்தேன். வைட்டிலா ஒர்க்‌ஷாப்பு, ஞாயிற்றுக்கிழமை நம்ம வண்டி. அது போதும்னு இருந்தேன்."

"பின்னே ஏன் போனே?"

"வண்டி போச்சு. இங்கே யாருக்கு நான் வேணும்?"

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சாயா போடுகிறேன் என்று சொல்லி எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பிறகு அவன் கேட்டது காதில் விழுந்தது.

"லீவுக்கு வரவங்க கையில எல்லாம் உனக்குத் தைலம் கொடுத்து அனுப்பினேனே. தோளுக்கு."

"எல்லாம் அலமாரியில இருக்கு" என்றாள் வசந்தா. "ஒண்ணுகூடத் திறக்கல."

சாயாவைக் கொண்டுபோய் வைத்தேன். மூவரும் குடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்த முற்றத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் அடித்த சீட்டி என் காதிலும் விழுந்தது. வளைகுடாவை இழந்த ஒருவன் என்றுதான் அவனைப் பார்த்தேனே தவிர, சந்தோஷமாக இருக்கும் ஒருவன் என்று பார்க்கத் தோன்றவில்லை. அவன் அம்மாவுக்கும் தோன்றவில்லை, அவனையே நினைத்துக்கொண்டிருந்த தங்கைக்கும் தோன்றவில்லை. அவனும் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டான்.

அவனுடைய ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. டிக்கெட் முன்பே எடுத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்பினான். வழக்கமாக அவனை வழியனுப்ப நானோ, அவன் சிநேகிதன் ஒருவனோதான் நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போவோம். அன்று வசந்தா தானும் வருகிறேன் என்றாள். டாக்ஸியில் அவன் முன்னால் உட்காரவில்லை, பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வழி நெடுக இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் உள்ளே போய் மறைந்த பிறகும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  டாக்ஸியில் திரும்பி வந்து வீட்டு முனையில் இறங்கும்போது, "இனி ரெண்டு வருஷம்" என்றாள்.

அவன் ஒரு வருடத்திலேயே வந்துவிட்டான். சர்க்கரை அதிகமாகி, பாலைவனத்து வேலை இனி முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அவனுக்குப் பார்வையும் மங்கல். மாலையில் இருவரும் மாடியில் உட்கார்ந்திருப்பதைத் தெருவிலிருந்து பார்க்கலாம். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான், அவள் சிரிப்பாள். பார்க்கிறவர்கள், அண்ணனும் தங்கையும் எத்தனை ஒற்றுமை என்கிறார்கள். சத்தியம் பண்ணி அத்தனை வருடம் வாய் மூடியிருந்தவன் நான்; அந்த வழியாகப் போகும்போது நிமிர்ந்து கை காட்டிவிட்டு நடந்துவிடுவேன். மேலே வாங்களேன் என்று வசந்தா கூப்பிடுவாள். இன்னொரு நாள் வருகிறேன் என்பேன்.